பிதுக்கம்பருப்புக் குழம்பு

மத்திகிரி, 10-1-1956, செவ்வாய் இரவு

என் நாத்தனார் மாதம்மா நேற்று மாலை முழுவதும் அமர்ந்து, ஊறிய அவரைக்கொட்டைகளை ஒவ்வொன்றாகப் பிதுக்கித் தோல் நீக்கினாள். இன்று விடியலில் எங்கள் இருவருக்குமாகக் குழம்பு வைத்துவிட்டு, கால்நடைப் பண்ணைக்குப் புல்லறுக்கச் சென்றாள்.

நண்பகலில் நான் களி உண்ண அமர்ந்தேன். வழக்கம்போல், மளிகை மடித்து வந்த செய்தித்தாளை மடியில் விரித்துக்கொண்டேன். பள்ளிக்கூடம் காணாமலே எழுத்துக் கற்றவள் நான். அச்செழுத்தைக் கண்டால் விட மனம் வராது. கடைசி வரியை முடித்து நிமிர்ந்தபோது குழம்புச் சட்டி காலியாகியிருந்தது. அவளுடைய பங்கையும் நானே உண்டிருந்தேன்.

மூன்று மணிக்கு வந்தவள் கைகூடக் கழுவாமல் கேட்டாள்: "அண்ணி, கொழம்பு எப்டி இருந்துச்சி?"

"ரொம்ப ருசி மாதம்மா. அதான் மிச்சம் வைக்க மனசு வரல" என்று கூசாமல் சொன்னேன்.

அவள் மகிழ்ந்துபோய்ச் சட்டியை விரலால் வழித்து நாவில் வைத்தாள்.

"அய்யோ, உப்பே போடலியே அண்ணி!"

நான் தலை கவிழ்ந்தேன். அவள் என்னைப் பார்த்தாள். கீழே கிடந்த தாளையும் பார்த்தாள். பிறகு பச்சைமிளகாயைக் கடித்துக்கொண்டு, ஆறிய களியை விழுங்கினாள்.

"பேப்பர்ல என்னா போட்டிருக்குது? அதையாவது சொல்லுங்க."

ஒரு வரி விடாமல் சொன்னேன்.

இனி உண்ணும் வேளையில் எந்தத் தாளையும் தொடுவதில்லை என்று எழுதிவைக்கிறேன். ஆயினும், அவள் பிதுக்கிய பருப்பு வெந்திருந்ததா என்பதுகூட எனக்குத் தெரியாது.