நம்மால் போட முடியாத ஓட்டு

அன்பு மகன் அனதோலுக்கு,

கிறிஸ்து உயிர்த்தார். "மெய்யாகவே உயிர்த்தார்" என்று நீ அங்கிருந்து பதில் சொல்லிவிட்டதாக வைத்துக்கொண்டு மேலே போகிறேன். நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் தபாலாபீஸ் லிதியா. போனில் பேசலாம்தான். ஆனால் உன் தங்கை பெயரை எடுத்ததுமே நீ வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படிப் பாதியில் வெட்ட முடியாது. கிழித்துப்போடலாம், கிழிக்கவாவது கையில் எடுக்க வேண்டுமே.

நிக்கனோர் தன் வேனில் இதையும் பார்சலையும் கொண்டுவருவான். ஞாயிற்றுக்கிழமை அங்கே இத்தாலியில், பதோவாவில் வழக்கமாக நிற்கும் இடத்தில் நிற்பான். பெட்டியில் ஒயினும், ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியும், உடைத்த அக்ரூட்டும் இருக்கும். மேலே மடித்து வைத்திருக்கிற பூவேலைத் துண்டு, ஈஸ்டர் முடிந்து வந்த கல்லறைத் திருநாளில் உன் அம்மா பெயரால் எல்லாருக்கும் தானம் கொடுத்தது. உன் பங்கை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தேன்.

ஏப்ரல் பனியில் மேட்டுத் திராட்சை கருகிவிட்டது. பள்ளத்தில் இருப்பது பிழைத்துக்கொண்டது. என் முழங்காலைப் பற்றிக் கேட்காதே.

விஷயத்துக்கு வருகிறேன். வருகிற வியாழக்கிழமை ஐரோப்பாவே டிவியில் பார்க்கிற யூரோவிஷன் பாட்டுப் போட்டியில் நம் மால்டோவாவுக்காக உன் தங்கை டோம்னிகா பாடுகிறாள். உனக்கும் தெரிந்திருக்கும். அன்று ஜெயித்தால்தான் சனிக்கிழமை கடைசிச் சுற்று. பந்தயம் கட்டுகிறவர்கள் அவளைக் கடைசி வரிசையில் வைத்திருக்கிறார்களாம். காரணம், அவள் பாடுவது ஒப்பாரி. ஊர்த் தலைவர் ஹர்லாம்பி கடை வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டார். "இலாரியோன் அண்ணே, கல்யாணத்துக்கு ஆடுற மாதிரி ஒண்ணு பாடச் சொல்லக் கூடாதா? ஒப்பாரிக்கு எவன் ஓட்டுப் போடுவான்?" என்றார். அவர் மனைவி விடவில்லை. "நீ செத்தா நாங்க ஆடத்தான் போறோம், அப்பப் போட்டுக்கலாம் உன் கல்யாணப் பாட்டு" என்றாள். கடையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

நம் ஓட்டுதான் செல்லாது, அனதோல். சொந்த நாட்டுக்கு ஓட்டுப் போடக் கூடாது என்பது அங்கே சட்டம். போன முறை ஹர்லாம்பி ஊரையே கலாச்சார மன்றத்தில் கூட்டி, எல்லாப் போனிலிருந்தும் நம் பாட்டுக்கே ஓட்டு அனுப்பச் சொன்னார். எல்லாம் திரும்பி வந்துவிட்டது. கிழவி அகாஃபியா, "நம்ம புள்ளைக்கு நாம கைதட்டக் கூடாதுன்னு எந்தப் பாதிரி சொன்னான்?" என்று கத்தினாள். அடுத்த வீட்டு ருமேனியாக்காரன் போடலாம், முன்பின் தெரியாத போர்ச்சுக்கல்காரன் போடலாம், பெற்றவன் போடக் கூடாது. இத்தாலிக்காரர்களுக்கு வியாழக்கிழமை ஓட்டு உண்டு என்று லிதியா விசாரித்துச் சொன்னாள். உன் கையில் இருப்பது இத்தாலிப் போன்.

நீ பல்லைக் கடிப்பது இங்கே கேட்கிறது. கிழித்துவிடாதே.

உன் அம்மாவைப் புதைத்த நாள் எனக்கு அப்படியே நிற்கிறது. அக்டோபர் மாதச் சேறு. நீ பஸ்ஸில் வந்த களைப்போடு, புதுக் கறுப்பு ஷூ கணுக்கால்வரை மூழ்க நின்றாய். மகள் ஒப்பாரி வைக்காமல் பெட்டியை இறக்கக் கூடாது என்று பாதிரியார் காத்திருந்தார். மழை வலுத்தது. கடைசியில் அகாஃபியாதான் மகள் இடத்தில் நின்று அழுதாள். குழி மூடியவர்கள் கை கழுவிக்கொண்டிருக்கும்போது டோம்னிகா ஓடிவந்தாள். நீ எல்லார் முன்னாலும் கேட்டாய்: "கச்சேரி முடிஞ்சுதா? கைதட்டு நல்லா விழுந்துச்சா?"

அவள் வாய் திறக்கவில்லை. "போய்ப் பாடிட்டு வாடி, நான் எங்க போயிடப் போறேன்" என்று அவளை அந்தக் கச்சேரிக்கு அனுப்பியவளே உன் அம்மாதான். இதை உனக்கு எத்தனையோ முறை சொல்லிவிட்டேன், நீ நம்பவில்லை. நம்ப வைக்க எனக்கு வழி தெரியவில்லை.

இப்போது அவள் பாட்டின் முதல் அடி இது: "கை கழுவுகிறவர்களே, என் அம்மாவை எங்கே வைத்தீர்கள்?" ஊரில் யாருக்கும் புரியவில்லை. குரல் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். எனக்குப் புரிந்தது. உனக்கும் புரியும். அன்று உனக்குச் சொல்லாத பதிலை அவள் இத்தனை நாடுகளுக்கு முன்னால் சொல்லப் போகிறாள். அம்மாவுக்குப் பாட வேண்டியதையும் அங்கேதான் பாடுகிறாள்.

அவளிடம் பேசு என்று நான் சொல்லவில்லை. சொல்லிச் சொல்லித் தோற்றுவிட்டேன். அவளும், "அண்ணன் என்னைப் பத்திக் கேட்டானா அப்பா?" என்று கேட்டுவிட்டு, நான் பொய் சொல்வதற்குள் வேறு பேச்சுக்குப் போய்விடுகிறாள். உங்கள் இரண்டு பேருக்கு நடுவிலும் என் ஓட்டு செல்லவில்லை.

லிதியா ஒன்று சொன்னாள். யார் ஓட்டுப் போட்டார்கள் என்று எங்கேயும் காட்டாதாம். டோம்னிகாவுக்குத் தெரியாது, ஊருக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. நான் கேட்கவும் மாட்டேன். உன் கோபம் உன்னிடமே இருக்கட்டும் மகனே, அதை நான் வாங்கிக்கொள்ள வரவில்லை. அவள் பாடி முடித்ததும் உன் கட்டைவிரலை மட்டும் எனக்குக் கடனாகக் கொடு.

அதுவும் முடியாது என்றால், பாட்டு முடியும்வரை டிவியை அணைக்காமல் இரு.

ஆண்டவர் உன்னையும், உன் வீட்டையும், நீ மிதிக்கிற அந்நிய மண்ணையும் காக்கட்டும். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கேள். உன் அம்மா பெயரால் கொடுத்தது.

இப்படிக்கு,
கீழே பெருவிரல் வைத்த உன் அப்பா,
இலாரியோன்