எழுபத்திரண்டு என்று எழுதவைத்தேன்

நேற்றுக் கண்டியில் பூட்டு வாங்க ஒரு ஹார்ட்வெயார் கடைக்குள் நுழைந்தேன். புது ரப்பர் குழாயின் வாடை மூக்கில் ஏறியது. பூட்டை மறந்து வெளியே வந்து நின்றுவிட்டேன். உன் சட்டையில் எப்போதும் அடித்த வாடை அது. உன் மனைவியின் அத்தரும் அதனிடம் தோற்றுப்போனதாக ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தவன் நான்தான்.

கெலிஓயாவில் உன் ஹார்ட்வெயார் கடையை மூடிவிட்டு, ஞாயிறுகளில் குழாயும் புனலுமாக மஹய்யாவ சனசமூக நிலையத்துக்கு வருவாய். பிள்ளைகள் தாய் தகப்பனோடு வந்து எதையாவது செய்து பார்க்கும் நம் விஞ்ஞான ஞாயிறு. மூளை உன்னுடையது, மைக் என்னுடையது. பள்ளியில் விஞ்ஞானத்தில் கோட்டை விட்டவனிடம் மைக்கைக் கொடுத்தது உன் பிழை.

ஒரு ஞாயிறு, புனலில் குழாயைச் செருகி நெஞ்சுத் துடிப்பை எண்ணும் மேசை. கரும்பலகையில் எழுதினாய்: "கேட்டதை எழுது, நினைத்ததை எழுதாதே." எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி வந்தாள். தன் நெஞ்சைக் கேட்கவிட அவள் தாய் கூச்சப்பட்டுப் பின்வாங்க, நீ சட்டைப் பொத்தானைக் கழற்றிக் கதிரையில் உட்கார்ந்தாய். "வாங்க மகள், மாமாட நெஞ்சக் கேளுங்க."

கேட்டாள். "அங்கிள், ரெண்டு தரம் அடிக்குது, நிக்குது, பொறகு அடிக்குது." தாளில் நிமிஷத்துக்கு ஐம்பத்தொன்று என்று எழுதினாள்.

"கம்பளை பஸ் மாதிரி ஆள் சேரட்டும்னு நின்னு நின்னு போகுது போல" என்றேன் மைக்கில்.

மண்டபமே சிரித்தது. "கொண்டக்டர் நீதானே மச்சான், பெல்லை அடி" என்று நீயும் சிரித்தாய். அந்த உற்சாகத்தில் அவள் தாளைப் பார்த்து, "எழுபத்திரண்டு வரணும்மா, அழிச்சிட்டு எழுது" என்றேன். அழித்தாள். கைதட்ட வைத்தேன்.

அதற்கு மூன்றாம் வாரம் கடையில் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தபோதே சரிந்தாய். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் முடிந்துவிட்டது. துடிப்புத் தவறுவதை யாராவது முன்பே கவனித்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றார் டொக்டர். "அல்லா எழுதின ஹயாத்து அவ்வளவுதான் நானா" என்று உன் மனைவி இந்த அண்ணனைத் தேற்றினார். அந்தத் தாளைப் பற்றி அவரிடம் இன்றுவரை சொல்லவில்லை. ஊர்க்கதையெல்லாம் பேசும் வாய்க்கு இது மட்டும் வரவில்லை.

போன மாதம் அந்தச் சிறுமி மறுபடி வந்தாள். வளர்ந்துவிட்டாள். இந்தமுறை தாயே கதிரையில் உட்கார்ந்தார். புனலை வைக்குமுன் பென்சிலோடு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"எத்தனை வரணும் அங்கிள்?"

மைக்கைக் கீழே வைத்தேன். "எனக்குத் தெரியாதும்மா. நீ கேட்கிறதை எழுது."

கேட்டாள், எண்ணினாள், எழுதினாள். பிறகு பக்கத்துப் பிள்ளையின் தாளை எட்டிப் பார்த்துவிட்டுத் தன்னுடையதை அழித்தாள்.

இத்தனை ஞாயிறுகளில் என்னிடம் பாடம் படித்த பிள்ளை அவள் ஒருத்திதான், மச்சான். அதைச் சுமந்துகொண்டுதான் ஒவ்வொரு வாரமும் அந்த மண்டபத்துக்குள் போகிறேன்.