அப்பா டம்மியாக இருந்த ஞாயிற்றுக்கிழமை

காலடிப்பேட்டை,
ஞாயிறு மாலை.

அன்பு மகன் ஜெரிக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. அந்தோணியார் புண்ணியத்தில் நானும் அப்பாவும் நல்லபடியாக இருக்கிறோம், ஹாலிஃபாக்ஸ் குளிரில் நீயும் சளி பிடிக்காமல் இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபத்தில் சொல்கிறேன். போனில் பாதிதான் சொன்னேன், அப்பா பக்கத்திலேயே இருந்தார். மீதியை எழுதுகிறேன், படித்துவிட்டுப் பயந்துபோய் டிக்கெட் எடுத்துவிடாதே.

போன மாதம் ஒரு ஞாயிறு மத்தியானம் வழக்கம்போல நம் வீட்டில் பிரிட்ஜ் சீட்டாட்டம். அப்பாவோடு ஹார்பரில் கிரேன் ஓட்டிய ராமதாஸ் மாமாவும் கீழ் வீட்டு ஜன்னத் ஆன்ட்டியும் ஒரு ஜோடி, நானும் அப்பாவும் ஒரு ஜோடி. நீ இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொள்ளவே இல்லை, அதனால் விளக்கிச் சொல்கிறேன். இஸ்பேடு துருப்பு, சுற்றுக்கு ஒன்றாக வரும் பதின்மூன்று பிடியில் பத்து எடுக்கிறேன் என்று நான் கேட்டிருந்தேன். கேட்டவள்தான் ஆட வேண்டும், அவளுடைய ஜோடி தன் சீட்டையெல்லாம் மேஜையில் விரித்து வைத்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டும், அவருக்கு டம்மி என்று பேர். மாமா ஆர்ட்டினில் ஒன்றைப் போட்டதும் அப்பா சீட்டை விரித்தார். "நீ யோசன பண்ணி முடிக்கங்காட்டியும் நான் மாடில காயிற துணிய எட்த்தாந்துர்றேன்" என்று சொல்லிவிட்டு மேலே போனார்.

நான் முதல் சீட்டைத் தொடுவதற்கு முன்னால் முழு ஆட்டத்தையும் மனசுக்குள் ஓட்டிப் பார்க்கிறவள். ஆர்ட்டினில் இரண்டு போகும், டைமனில் ஒன்று போகும், அதைத் தடுக்க முடியாது. எதிராளி கையிலிருக்கும் கிளாவர் ராணிக்கும் ஒன்று போனால் தோற்றேன். ராணி மாமாவிடம் இருந்தாலும் பிடிக்கலாம், ஆன்ட்டியிடம் இருந்தாலும் பிடிக்கலாம், ஆனால் யாரிடம் என்று முதலில் தெரிய வேண்டும். அதனால் கிளாவரைக் கடைசிவரை தொடாமல் மற்றதையெல்லாம் ஆடி, யார் கையில் எது தீர்கிறது என்று எண்ணிக்கொண்டே வரலாம் என்று முடிவு செய்துகொண்டிருந்தேன். நான் யோசிக்கும்போது யாரும் பேசமாட்டார்கள். அந்த அமைதியில்தான் கவனித்தேன், காக்காய்ச் சத்தம் இல்லை. நாய் குரைக்கவில்லை. ரோட்டில் கன்டெய்னர் லாரிகூட ஓடவில்லை. ஆன்ட்டி முந்தானையால் முகத்தைத் துடைத்து, "இன்னாமோ கண்ணு எரியுது, உனுக்கும் எரியுதா" என்றார். ஜன்னலுக்குக் கீழே சந்துக்குள் வெள்ளையாக ஒரு புகை, ஆள் நடந்து வருகிற மாதிரி, மெதுவாக வந்துகொண்டிருந்தது.

அப்பா இன்னும் இறங்கி வரவில்லை. சீட்டைக் கவிழ்த்துவிட்டு ஈரத் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு ஓடினேன். துணி கொடியிலேயே இருந்தது, தரையில் காக்கைகள் இறக்கை விரித்துக் கிடந்தன. அப்பா கைப்பிடிச் சுவர் மேல் ஒரு காலை வைத்து, கீழே அந்த வெள்ளையைப் பார்த்து, "வர்றேம்மா, வர்றேன்" என்று பொறுமையாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். சட்டையைப் பிடித்து இழுத்தேன், இரண்டு பேருமே விழுந்தோம். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவர் என்னைப் பார்த்துப் பயந்து நான் பார்த்ததில்லை ஜெரி. "நீ இங்க கீறியே, அப்போ கீழ கூப்ட்டுகினு கீறது யாரு" என்றார்.

மாமாதான் ஆட்டோ பிடித்து எங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். வடக்கே எங்கேயோ குழாய் உடைந்ததாம், எந்த இடம் என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். காற்றில் வந்த வாயு தலைக்கு ஏறினால் இப்படியெல்லாம் கேட்கும் என்று டாக்டர் சொன்னார், இருக்கலாம். ஆனால் அப்பாவுக்குக் கேட்டது "லியோ, எறங்கி வா" என்று, என் குரலில். அவரை லியோ என்று கூப்பிடுவது நான் ஒருத்திதான், அதுவும் நாங்கள் தனியாக இருக்கும்போது மட்டும். அந்த நேரம் நான் வாயே திறக்கவில்லை, மாமாவும் ஆன்ட்டியும் சாட்சி.

வீட்டுக்குத் திரும்பியபோது சீட்டுகள் மேஜையில் அப்படியே கிடந்தன. முடித்துவிடலாம் என்று அப்பாதான் பிடிவாதம் பிடித்தார், எல்லோரையும் உட்காரவைத்தார். நினைத்தபடியே ஆடினேன், ஆன்ட்டி கையில் கிளாவர் ஒன்றுதான் என்று எண்ணிக்கையில் தெரிந்துவிட்டது, மாமாவிடமிருந்த ராணியைப் பிடித்துவிட்டேன். பத்துப் பிடியும் வந்தது.

இப்போது அடுப்படியிலிருந்து கூப்பிட்டால் அப்பா வருவதில்லை. கதவருகே வந்து நின்று முதலில் என் உதட்டைப் பார்க்கிறார். நான் கூப்பிடுவதையே விட்டுவிட்டேன், போய்த் தோளைத் தொடுகிறேன். சில சாயங்காலங்களில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே தெருப் பக்கம் தலையைத் திருப்பிக் காது கொடுப்பார், பிறகு என் வாயைப் பார்ப்பார். மூடியிருக்கும். கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வார்.

வேளைக்குச் சாப்பிடு, குல்லாய் போடாமல் வெளியே போகாதே. சகாய மாதா உன் வாசலில் காவல் நிற்கட்டும். இனிமேல் போன் பண்ணினால் முகம் தெரிகிற மாதிரி பண்ணு, வெறும் குரல் என்றால் அப்பா எடுக்கமாட்டார். நீயும் அங்கே தெருவிலிருந்து என் குரலில் யாராவது கூப்பிட்டால், முகத்தைப் பார்க்காமல் இறங்கிப் போய்விடாதே கண்ணு.

உன் நினைவாகவே இருக்கும் அம்மா,
ஜானட்