யாருடைய பெருக்கல் குறி?

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. உன் அம்மாவின் முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் சௌக்கியம், அந்த முழங்காலும் மாடிப்படி என்ற பேச்சை எடுத்தால் மட்டும்தான் வலிக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அந்தக் குளிரில் சளி பிடிக்காமல் நலமாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் நினைப்பெல்லாம்.

போன தடவை போனில் நீ, அந்தப் பழைய நூல் கிடங்கைக் கட்டிக்கொண்டு அழாமல் இரண்டு பேரும் எங்களோடு வந்து இருங்கள் என்று சொன்னாயே, அன்றைக்கே உன் அம்மா பரணிலிருந்து பெட்டியை இறக்கித் துடைத்துவிட்டாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். கிடங்கை இடித்து அடுக்குமாடி கட்டுகிறவருக்கு விற்கப்போகிறேன் என்று முதலாளி சொன்னதும், அதன் முன்பக்கம் கடை போட்டிருந்த நாங்கள் சங்கமாகச் சேர்ந்து வாங்கினோம், இடிக்காமல் பழுது பார்த்துக் கீழே கடைகள், மேலே வீடுகள் என்று முடிவு செய்தோம், அது உனக்குத் தெரிந்ததுதான். ஆனால் சீட்டுக் குலுக்கியதில் நமக்கு விழுந்தது பின்பக்கத்து மாடி. பட்டப்பகலில் விளக்குப் போட வேண்டும். அம்மா வந்து பார்த்துவிட்டு, "இந்த இருட்டுல நீங்களும் உங்க தையல் மெஷினும் குடித்தனம் நடத்துங்க, நான் பொண்ணுகிட்ட போறேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். இறங்கிய வேகத்திலேயே விளையாட்டில்லை என்று தெரிந்துவிட்டது. எனக்குத் தூக்கமே போய்விட்டதம்மா. நான் விலகினால் மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்வார்கள், கிடங்கு தரைமட்டம்தான். இவளை அனுப்பிவிட்டு நான் மட்டும் அங்கே இருந்து என்ன செய்ய.

இதற்கு நடுவில் நான் ஒரு கூத்துப் பண்ணினேன். சங்கம் அமர்த்திய இன்ஜினியர் பெண் சுவர் சுவராகத் தட்டிப் பார்த்து, இதை எடுக்கலாம், இதைத் தொடக்கூடாது என்று சொல்லிக்கொண்டே போனாள். பையில் சாக்பீஸ் இருந்தவன் நான் ஒருத்தன்தான், அதனால் குறி போடும் வேலை என் தலையில் விழுந்தது. துணியில் நான் பெருக்கல் குறி போட்டால் அங்கே கத்திரி படக்கூடாது என்று அர்த்தம், சின்ன வயதில் என் காலடியில் உட்கார்ந்து பொம்மைக்குச் சட்டை வெட்டிய உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. கொத்தனாருக்கோ பெருக்கல் என்றால் இடி என்று அர்த்தமாம். மறுநாள் நான் கீழே பட்டன் தைத்துக்கொண்டிருக்கிறேன், மேலே தடதடவென்று சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால் நம் வீட்டுப் பின்சுவரில் பாதியைக் காணோம். நான் கத்திய கத்தலுக்கு அந்த மனிதர் நிதானமாக, "நீங்கதானேண்ணே பெருக்கல் போட்டீங்க" என்றார்.

இன்ஜினியர் பெண் முகம் வெளுத்துப் போய் வந்தாள், மேலே ஏறி எல்லாம் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். அது சுவரே இல்லையாம். பின்தெருவிலிருந்து நூல் மூட்டைகளைக் கயிறு கட்டி மேலே ஏற்றிய பெரிய வாசலாம், வேலை நின்ற பிறகு யாரோ செங்கல் வைத்து அடைத்திருக்கிறார்கள், பாரமெல்லாம் மேலே இருக்கும் வளைவு தாங்குகிறது, நடுவில் இருந்தது வெறும் ஒட்டு. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கானது என்பார்கள், எங்களுக்குக் குரங்கு பிடிக்கப் போய்ப் பிள்ளையார் வந்துவிட்டார். அதற்கு நேர் கீழேயும் ஒரு வாசல் அடைபட்டுக் கிடந்தது, அதையும் திறந்தாயிற்று. இத்தனை வருஷமும் பின்தெருக்காரர்கள் பஸ் பிடிக்க ஊரைச் சுற்றிப் போனார்கள், இப்போது நம் கடைகளுக்கு நடுவே நடந்து போகிறார்கள். வேலைக்குப் போகும் தாய்மார்கள் குழந்தைகளை விட ஓர் அறை கேட்டார்கள், விற்பதற்கென்று வைத்திருந்த ஓரக்கடையைச் சங்கம் அதற்கு விட்டுக்கொடுத்தது. உடைத்த செங்கலைச் சுரண்டி எடுத்துத்தான் அதற்குத் திண்டு கட்டுகிறார்கள்.

அம்மா என்னைத் திட்டுவதற்கென்றே மூச்சு வாங்க மேலே ஏறி வந்தாள். அறை முழுக்க வெயில். புடவைத் தலைப்பால் கண்ணை மறைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள், கீழே குழாயடியில் நின்ற பெண்கள் அண்ணாந்து பார்த்து என்னக்கா, இனிமே இங்கதானா என்று கேட்டார்கள். அவள் கொத்தனாரிடம் துணிக்கொடி எங்கே கட்டலாம் என்று விசாரித்தாள். பெட்டி மறுபடி பரணுக்குப் போய்விட்டது, டிக்கெட் போட்டுவிடாதே.

ஒன்று மட்டும் மறக்காமல் பதில் எழுது. நேற்று அம்மா என் சாக்பீஸை வாங்கி, நீங்கள் வந்தால் தங்க என்று நினைத்திருந்த, வெயில் விழும் சின்ன அறையின் சுவரில் தானே ஒரு பெருக்கல் குறி போட்டாள். அடுத்த வீட்டு வாத்தியார் குடும்பத்துக்கு இடம் போதவில்லை, நடுச்சுவரை எடுத்தால் அந்த அறை அவர்களுக்குப் போய்விடும். பட்ட அனுபவத்தில் கொத்தனார், "இது தையல்காரர் குறியா, கொத்தனார் குறியாம்மா?" என்று கேட்டார். அதற்கு இவள், எம்பொண்ணு சொல்லுவா என்று மட்டும் சொன்னாள். நீ எதைச் சொன்னாலும் எங்களுக்கு வருத்தமில்லை என்று எழுத நினைத்தேன், பேனா ஓடவில்லை.

நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நூறாண்டு வாழ வேண்டும். குட்டிக்குக் குல்லா தைத்து வைத்திருக்கிறேன், தலை அளவை அனுப்பு.

பதிலுக்குக் காத்திருக்கும்,
அப்பா

(அந்த அறையை நேற்றே பெருக்கித் துடைத்துவிட்டேன் - அம்மா)