முடிவு சொல்லாத ஓட்டு

வெள்ளிக்கிழமை, பிம்ப்ரி.

ஞாயிறன்று எங்கள் தமிழ்ச் சங்கத்துக்குத் தலைவர் தேர்தல். நிற்பவர் இருவர். சுந்தரம் மைக்கைப் பிடித்தால் பொங்கல் ஆறிப்போகும் வரை விடமாட்டார். ராகவன் பொங்கல் விழாவுக்கே வரமாட்டார்.

இன்று சுந்தரம் மூன்றாம் முறையாக வீட்டுக்கு வந்தார்.

“அண்ணே, இன்னுமா யோசிக்கிறீங்க? பொண்ணு பாக்கக்கூட இவ்வளவு நாள் ஆகாதே.”

“யோசிச்சுக்கிட்டே இருக்கேன். உக்காருங்க, டீ போடறேன்.”

நேற்று ராகவனிடமும் இதையேதான் சொன்னேன். முடிவைச் சொல்லிவிட்டால் இருவருமே வரமாட்டார்கள். பக்கத்திலேயே ஔந்தில் இருக்கும் மகன் இந்தப் பக்கம் வந்து இரண்டு மாதம் ஆகிறது. அவனையும் தேர்தலில் நிற்கவைத்தால் வருவானோ என்னவோ.

டீத்தூள் தீர்ந்துவிட்டது. நாளை இருவருமே வரக்கூடும். கால் கிலோ வாங்க நினைத்தேன். ஞாயிறோடு தேர்தல் முடிகிறது. ஐம்பது கிராம் போதும்.