மலைப்பாதையில் வைத்த குடம்

அன்புள்ள மதினி,

போன வாரம் சுதந்திர தினத்தோடு சனி, ஞாயிறும் சேர்ந்து வந்தது. மகன் காரை எடுத்தான். நெருளில் எங்கள் வீட்டிலிருந்து கண்டாலா மலைக்கு ஒன்றரை மணி நேரம்தான் என்றான். மூன்று மணி நேரம் கழித்தும் மலையடிவாரத்தில்தான் நின்றோம். எந்த வண்டியிலிருந்தோ கிளட்ச் தீய்ந்த நாற்றம் வந்து மூக்கில் ஏறியது. மருமகள் போனில் மேப்பைப் பார்த்து, "எல்லாம் சிவப்பா இருக்கு, அடுத்த விலக்குல திரும்பிடலாம்" என்றாள். மகனும் உடனே தலையாட்டி, அந்த விலக்கிலேயே வண்டியைத் திருப்பியும்விட்டான். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அந்த நாற்றத்தோடு நீங்களும் வந்து நின்றுவிட்டீர்கள். நீங்கள் போய்ச் சேர்ந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. இருந்தாலும் இதை எழுத எனக்கு வேறு ஆள் இல்லை.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. தையல் படிக்கிறேன் என்று தாராவிக்கு வந்து, அண்ணன் வீட்டில், உங்கள் கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அண்ணன் தோல் மண்டியில் வேலை. லீவு வந்தால் தெருவில் உள்ள ஆண்கள் எல்லாரும் சட்டையை மாட்டிக்கொண்டு எங்காவது போய்விடுவார்கள். நமக்குக் குழாயடி, அடுப்படி, இரண்டே இடம். ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே அண்ணனிடம் சொன்னீர்கள்: "பம்பாய்க்கு வந்து எட்டு வருஷமாச்சு. பிரசவ ஆஸ்பத்திரியத் தவிர நான் ஒண்ணும் பாத்ததில்ல. கண்டாலாவுல மேகம் கையில தட்டுமாம்லா. நாங்க பொம்பளைங்க மட்டும் ஒரு நாள் போயிட்டு வாரோம்."

அண்ணன் சிரித்தான். நீங்கள் சிரிக்கவில்லை. ஒரு வாரம் அதே பேச்சு. கடைசியில் அவன் மண்டி லாரியைக் கேட்டு வாங்கினான், கூடவே ஒரு நிபந்தனையும் போட்டான்: "வெளக்கு வைக்க முன்ன வீட்டுல இருக்கணும். ஒரு நிமிஷம் பிந்துனாலும் சரி, இந்தத் தெருவுல இனி எவளும் வெளியூர்ப் பேச்சே எடுக்கக் கூடாது. சம்மதமா?" மற்ற ஆண்களும் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். நீங்கள் சம்மதம் என்றீர்கள். பன்னிரண்டு பெண்களுடைய லீவும் அந்த ஒரு சொல்லில் தொங்கியது.

பினாயில் விட்டு மூன்று தடவை கழுவியும் லாரியில் உப்புத் தோல் வாடை போகவில்லை. யாரும் மூக்கைப் பொத்தவில்லை, அது நமக்குச் சோறு போடுகிற வாடைதானே. ஓர் அண்டா புளிச்சோறு, வெளித் தண்ணீரை நம்பாமல் இரண்டு பித்தளைக் குடம் நிறையக் குடிநீர். மேலப்பாளையத்து டிரைவர் பாய் காலை ஏழரை மணிக்கு வண்டியை எடுத்தார். தாணா, மும்ப்ரா, பன்வேல் என்று ஊர் ஊராக மழையில் நனைந்துகொண்டே போனோம். நீங்கள் தார்ப்பாயை விலக்கிவிட்டு முகத்தைக் காட்டிக்கொண்டே வந்தீர்கள்.

பதினோரு மணிக்கு மலைப்பாதையில் வண்டி நின்றது. அன்றைக்கும் இதே கூட்டம்தான் மதினி, காரின் பெயர்கள்தான் வேறு. வளைவில் ஒரு பாரவண்டி அச்சு முறிந்து பாதி ரோட்டை அடைத்துக் கிடந்தது. மிச்சமிருந்த பாதியில் மேலிருந்து வந்தவனும் கீழிருந்து போனவனும் ஒரே நேரத்தில் மூக்கை நுழைத்து, முகத்துக்கு முகம் நின்றுகொண்டு ஹாரன் அடித்தார்கள். போலீஸ்காரர் ஒருவரையும் காணோம். ஒரு மணி நேரம் இப்படியே போயிற்று. பாய் பீடியைத் தூக்கி எறிந்துவிட்டு, "எம்மா, இன்னைக்கு இது அவிழாது. பின்னால எடம் கெடச்சாத் திருப்பிருவோம்" என்றார். பக்கத்து வீட்டுச் செல்லம்மா அக்கா அழவே ஆரம்பித்துவிட்டாள்.

நீங்கள் இறங்கி வளைவு வரைக்கும் நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தீர்கள். சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு சொன்னது எனக்கு இன்னும் கேட்கிறது. "ஏட்டி, இது நம்ம குழாயடிதான்ட்டி. ரெண்டு தெரு, ஒரு குழாய். எறக்குங்க கொடத்த."

குழாயடிச் சண்டை என்று படித்தவர்கள் இளக்காரமாகச் சொல்கிறார்கள். அவர்கள் நம் குழாயடி ஒழுங்கைப் பார்த்ததே இல்லை. காலையில் இரண்டு மணி நேரம் வருகிற தண்ணீரில் இரண்டு தெருவும் குடித்துக் குளித்தாக வேண்டும். அந்தத் தெருவுக்கு ஐந்து குடம், இந்தத் தெருவுக்கு ஐந்து குடம். ஐந்து முடிந்ததும் குழாயில் மாட்டுகிற ரப்பர்த் துண்டைக் கழற்றி அடுத்த தெருக்காரி கையில் கொடுக்க வேண்டும். வரிசையில் வைத்த குடம் ஆள் நிற்பதற்குச் சமம். அதை எவளும் தொடமாட்டாள்.

முதலில் பெண்கள் வண்டி வண்டியாகப் போய், இடது பக்கம் ஒதுக்கச் சொல்லிக் கெஞ்சினார்கள், திட்டினார்கள். நுழைந்துகிடந்த வண்டிகள் ஒவ்வொன்றாகப் பின்வாங்கின. அதற்கே ஒரு மணி நேரம் ஆனது. வளைவுக்குக் கீழே ஒரு குடத்தை வைத்து நீங்கள் நின்றீர்கள். இன்னொன்றை என் இடுப்பில் ஏற்றி மேல்பக்கத்துக்கு அனுப்பினீர்கள். "பாஞ்ச் ஊப்பர், பாஞ்ச் நீச்சே!", மேலே ஐந்து, கீழே ஐந்து என்று உங்கள் உடைந்த ஹிந்தி மலையெல்லாம் கேட்டது. ஐந்தாவது வண்டிக்காரனிடம் ஒரு டம்ளர் கொடுத்துவிடுவீர்கள், அது என் கைக்கு வந்ததும் நான் குடத்தை எடுத்து மேலே நிற்கிற ஐந்தை விட வேண்டும் என்பது ஏற்பாடு.

முதல் டம்ளரிலேயே கோட்டை விட்டோம். மரியாதைக்கு நீங்கள் அதில் தண்ணீரையும் ஊற்றிக் கொடுத்தீர்களாம். அந்த டாக்ஸிக்காரன் குடித்துவிட்டு டம்ளரோடு போய்விட்டான். எனக்கு அடையாளம் வரவில்லை, இரண்டு பக்கமும் மறுபடி நின்றது. அடுத்த தடவை புளிச்சோறு ஒட்டின அகப்பையைக் கொடுத்துவிட்டீர்கள். அதை எவன் வீட்டுக்குக் கொண்டுபோவான்!

அதற்குள் என் பக்கத்தில் முதலாவதாக நின்ற பியட்காரருக்குப் பொறுமை போய்விட்டது. வெள்ளைச் சட்டை, தங்கக் கடிகாரம். நம் தமிழ்க்காரர்தான், மாதுங்காப் பக்கத்து வசதியான ஆள். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "ஏம்மா, எங்கேர்ந்து வர்றேள் நீங்கள்லாம்?" என்று கேட்டார். தாராவி என்றேன். "அதானே பார்த்தேன். ரோடு என்ன உங்க குழாயடியா? குடத்தை எடு!" என்று வண்டியைக் கிளப்பினார். பம்பர் வந்து குடத்தில் முட்டியது. ஓடிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன் மதினி, உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? கீழே உங்கள் குரல் கேட்டது. குடத்தைக் கட்டிக்கொண்டு ஈர ரோட்டில் உட்கார்ந்துவிட்டேன். "ஆமா சார், குழாயடிதான். உங்க முறை வரும், அதுவரைக்கும் நில்லுங்க. இல்ல, ஏத்திட்டுப் போங்க" என்றேன். அந்தக் குரல் என்னுடையதா என்று எனக்கே சந்தேகம்.

பக்கத்தில் இருந்த மாமி அவர் பக்கம் திரும்பினார். "எஞ்சினை நிறுத்துங்கோ. ரெண்டு மணி நேரமா ஹாரன் அடிச்சேளே, ஒரு அடி நகர்ந்தேளா? அந்தப் பொண்ணு சொல்றதுதான் சரி" என்றார். எஞ்சின் நின்றது. அகப்பை வந்தது. நான் எழுந்து குடத்தைத் தூக்கினேன், பியட் முதல் ஆளாக இறங்கிப் போனது. மாமி என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

மூன்று மணிக்கெல்லாம் பாதை ஓடத் தொடங்கிவிட்டது. பிறகு வந்தவர்கள் நம்மைப் பார்க்காமலே ஐந்து ஐந்தாகப் போனார்கள். நம் வண்டிக்கு முறை வந்தபோது பாய் மெதுவாகச் சொன்னார்: "எம்மா, இப்பத் திரும்புனாக்கூட வெளக்கு வைக்க முன்ன போயிரலாம். மேல போனா முடியாது." எல்லாரும் உங்கள் முகத்தைப் பார்த்தோம். வாக்கைக் காப்பாற்றினால் மேகம் இல்லை. மேகத்தைப் பார்த்தால் இனி எந்த ஊரும் இல்லை. நீங்கள் அதிகம் யோசிக்கவில்லை. "ரோட்ட தெறந்துவிட்டது நாம. போறது ஊராரா? மேல விடுங்க பாய்."

கண்டாலாவில் மேகம் இறங்கி எதிரில் நின்ற ஆளே தெரியவில்லை. பள்ளத்தாக்கு எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியாமல், மழையில் நின்று புளிச்சோறு தின்றோம். நீங்கள் கையை நீட்டி நீட்டி மேகத்தைத் தொட்டீர்கள். உங்களை அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

தெருவுக்குள் நுழைந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. மற்ற வீடுகளில் வெளிச்சம் இருந்தது, நம்மோடு வந்தவர்களின் வீடுகள் மட்டும் இருண்டு கிடந்தன. பொம்பளை கையால்தான் விளக்கு ஏற வேண்டும் என்று ஆண்கள் வாசலில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் எழுந்தான். "வாக்கு போச்சு. இன்னையோட சரி. உள்ள போயி வெளக்க ஏத்து."

நீங்கள் உள்ளே போகவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து காலை நீட்டினீர்கள். "வாக்கு தவறுனது நாந்தான், ஒத்துக்கிடுதேன். ஆனா வெளக்கு ஏத்த ஒங்களுக்குக் கை இல்லையா? நாங்க வழியில செத்துக் கெடந்திருந்தா இருட்டுக்குள்ளயே இருந்திருப்பியளோ? அடுத்த வருசமும் போவோம். இப்பமே சொல்லுதேன்."

செல்லம்மா அக்கா அவள் வீட்டுப் படியில் உட்கார்ந்தாள். அப்புறம் ஒவ்வொருத்தியாக உட்கார்ந்தார்கள். ஒருத்தியும் உள்ளே போகவில்லை. அண்ணன் ஒவ்வொரு படியாகப் பார்த்தான். பிறகு உள்ளே போய் எதையோ தட்டி உருட்டினான். இருட்டுக்குள்ளிருந்து அவன் குரல் வந்தது: "தீப்பெட்டி எங்கட்டி இருக்கு?"

"அடுப்புக்கு மேல, டப்பா பக்கத்துல."

மறு வருஷம் இரண்டு லாரி போனது. உங்களிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றுதான் மதினி. எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று யாருக்கும் நான் வாக்குக் கொடுத்ததில்லை. கல்யாணமான புதிதில் எங்கள் வீட்டுக்காரரும் கேட்டார், எப்போது வருவாய் என்று. தீப்பெட்டி இருக்கிற இடத்தைக் காட்டிவிட்டுச் செருப்பை மாட்டினேன்.