வலது கொடுப்பும் என் இத்தாலியனும்

மார்ச் 9, திங்கள்

காலை முழுக்கப் பனித்தூறல். இந்த டயரியிலாவது ஒத்துக்கொள்கிறேன்: எனக்கு இத்தாலியன் தெரியாது. பதினொரு வருடமாகத் தெரியும் என்று சொல்லித் திரிகிறேன். தெரிந்ததெல்லாம் ஹோட்டல் குசினியில் பொறுக்கியது. சூடு, கத்தி, அடுப்பு, மூடி, "ஸீ, ஷெஃப்" – ஆம், ஷெஃப்.

வலது கீழ்க் கொடுப்புப் பல்லில், கடைவாய்க்குள், குத்து. புதிதாக வந்த பல் டொக்டர் இத்தாலியனும் கதைப்பாராம். வசந்தி போன் எடுத்து நேரம் வாங்கினாள். "என்ர மனுசனோட இத்தாலியனில கதைக்கலாம் எண்டு எழுதச் சொல்லிப்போட்டன்" என்று பெருமை வேறு. பக்கத்தில் அவளின் சிநேகிதி மலர். அந்த டொக்டரிடம்தான் துப்புரவு வேலை.

"அண்ணைக்கு அது தண்ணி பட்ட பாடெல்லோ."

மலரின் அந்தச் சிரிப்பு சரியில்லை.

ஜெர்மன் எனக்கு நன்றாக வரும். சுவிஸுக்கு வந்து முதலில் சோலோதுர்னில் பன்னிரண்டு வருடம் தொழிற்சாலை. ஆனால் மலரின் காதுபட ஜெர்மன் கதைத்தால் குட்டு உடைந்து, பின்னேரத்துக்குள் கதை பாடன் நகரம் வரை போய்விடும்.

மார்ச் 10, செவ்வாய்

வெயில். கதிரையில் மல்லாத்தினார்கள். டொக்டர் இத்தாலியனில் என்னவோ கேட்டார். இத்தாலியனில் விளக்கினேன்: "அடுப்பு. சூடு, சூடு. மூடி. உள்ளே கொதி. குளிர் தண்ணீர், கத்தி!" டொக்டர் நர்ஸைப் பார்த்தார்.

பிறகு கம்பியால் ஒவ்வொரு பல்லாகத் தட்டி, நோகுதா என்பதுபோல் ஒரு பார்வை. ஸீ. இது? ஸீ. வெள்ளைச் சட்டையோடு தலைக்கு மேல் நிற்பவரிடம் இல்லை என்று சொல்லிப் பதினொரு வருடமாகப் பழக்கமில்லை. எட்டுப் பல். எட்டு ஸீ.

இருவரும் குசுகுசு. எதற்கு? வெளியே மலர் ஒரே இடத்தை மூன்றாம் தரம் துடைக்கிறாள். அது எதற்கு?

வியாழன் என்பது மட்டும் விளங்கியது. குறடால் இழுப்பதுபோல் கையால் காட்டினார். அதற்கும் ஸீ. ஒரு தாள் தந்தார்.

மார்ச் 11, புதன்

வேலைக்கு லீவு. தாளில் பல் வரிசைப் படம். கீழ்வரிசையில் ஒரு பல்லுக்குப் பெருக்கல் குறி. இடது பக்கம்! இடது கொடுப்பு அருமையான பல். இப்போது சோறு இறங்குவதே அந்தப் பக்கத்தால். அதையும் பிடுங்கினால் கஞ்சிதான்.

"டொக்டரிட்ட கேட்டிருக்கலாமே?" வசந்தி.

"கேட்டனான்."

"என்ன சொன்னவர்?"

"கன விசயம் சொன்னவர்."

ஒரு மாதிரிப் பார்க்கிறாள். இவளுக்கும் தெரியுமோ?

சந்தேகங்கள்:
– டொக்டர் புதியவர், கைபழக நான் கிடைத்தேன்.
– மலர் ஏதோ போட்டுக்கொடுத்துவிட்டாள்.
– எட்டு ஸீக்கு எட்டுப் பல்லும் போகுமோ?

மார்ச் 12, வியாழன்

மறுபடி பனி. டொக்டர் ஊசியோடு வந்தார். வாசலில் மலர், வாளியோடு. பல்லா, மானமா? ஊசி வாய்க்கு ஒரு சாண் வந்ததும் கத்திவிட்டேன், சுத்த ஜெர்மனில்: "நிறுத்துங்கள்! இடது இல்லை, வலது!"

வாளி டங்கென்று கீழே. "அண்ணை, ஜெர்மனிலயோ?"

டொக்டர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. ஜெர்மனுக்குத் தாவினார். இத்தாலியன் தனக்கு மாலை வகுப்பில் படித்த அளவுதானாம். அவரின் ஊரும் சோலோதுர்ன்தானாம். பல் வரிசைப் படம் எதிரே நின்று பார்ப்பதுபோல் கீறியது, தாளின் இடது என்னுடைய வலதாம்.

எட்டுக்கும் ஆம் என்றேனே, சரியான பல்லை எப்படிப் பிடித்தீர்கள் என்று கேட்டேன்.

"செவ்வாய்க்கிழமை வலது கன்னத்தைப் பொத்திக்கொண்டுதானே உள்ளே வந்தீர்கள்" என்றார்.